அத்தையின் பின் நம்பர்

எங்கள் பிரிவில் கை கழுவிய பிறகு குழாயை முழுதாக மூடுகிற ஒரே ஆள் நான்தான். மற்றவர்கள் பாதி மூடிவிட்டுப் போய்விடுவார்கள். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். நான் எழுந்து போய் மூடிவிட்டு வருவேன். இதைப் பற்றி யாரிடமும் குறை சொன்னதில்லை. இப்போது சொல்வதற்குக் காரணம், என்னை அக்கறையில்லாதவன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதுதான். வேறு எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். அவர் என்னைப் பேச விடமாட்டார். நான் முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் தட்டச்சு செய்ய வசதியாக இருக்கும்.

என் வேலை வங்கியின் புகார்ப் பிரிவில். 'என் கார்டை வைத்து யாரோ பணம் எடுத்துவிட்டார்கள்', 'என் செக் புத்தகத்தில் ஒரு தாளைக் காணவில்லை, ஆனால் அதற்குப் பணம் போயிருக்கிறது' என்று வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேர்வார்கள். திருடனைப் பிடிப்பது எங்கள் வேலை இல்லை. அது உங்கள் வேலை. போன பணம் யார் தலையில் விழ வேண்டும், வங்கியின் தலையிலா வாடிக்கையாளரின் தலையிலா என்று முடிவு செய்வதுதான் எங்கள் வேலை. வெளியே இருப்பவர்களுக்கு இது குழப்பமாகத் தோன்றும். உண்மையில் மிகவும் எளிது.

போலிக் கையெழுத்துப் போட்ட செக்குக்கு வங்கி பணம் கொடுத்துவிட்டால் அது வங்கியின் தவறு. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். கார்டு தொலைந்ததை உடனே சொல்லிவிட்டால் அதன் பிறகு போகிற பணத்துக்கும் வங்கியே பொறுப்பு. சொல்லாமல் தள்ளிப்போடப் போட, பொறுப்பு வாடிக்கையாளர் பக்கம் நகர்ந்துகொண்டே போகும். ஆனால் அசல் கார்டையே நுழைத்து, சரியான பின் நம்பரையே அழுத்திப் பணம் எடுத்திருந்தால், நாங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்போம்.

"உங்க பின் நம்பர் வீட்ல வேற யாருக்காவது தெரியுமா?"

நல்லவர்கள் ஆமாம் என்பார்கள். மகளுக்குத் தெரியும், கணவருக்குத் தெரியும் என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தையோடு அவர்கள் பணம் போய்விடும். பொய் சொல்லத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் வாய்ப்பு இருக்கும். ஒருமுறை ஒருவர் கார்டின் பின்பக்கத்தில் மையால் நம்பரை எழுதி வைத்திருந்தார். "மறந்துடக் கூடாதுன்னுதான் சார்" என்று என்னிடமே திருப்பிக் காட்டினார். அவரைத் தோளில் தட்டிக்கொடுக்க வேண்டும் போல இருந்தது. கோப்பை மூட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஒரு தச்சர் வந்தார். அவருடைய செக் ஒன்றைக் கிழித்து யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பார்த்தாலே தெரியும், போலி. வங்கிதான் பணம் தர வேண்டும், ஆனால் எடுத்தவர் மேல் போலீஸ் புகார் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் அந்தக் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இது என் கையெழுத்துதான் சார். கை நடுக்கத்துல கோணிப்போச்சு" என்றார். அவருடைய கை கல் மாதிரி அசையாமல் இருந்தது. எடுத்தது அவருடைய மச்சான் என்று பிறகு கேள்விப்பட்டேன். வீட்டு ஆள் என்று தெரிந்துவிட்டால் ஜனங்கள் நஷ்டத்தைத் தாங்களே விழுங்கிக்கொள்வார்கள். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான்.

இனி அத்தை.

அத்தை என்றால் என் அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பழைய தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா போன பிறகு என்னையும் அம்மாவையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். அம்மாவும் போன பிறகு, என் வீட்டுப் பின்னறையில் இருந்தார். என் வீடு என்று சொல்கிறேன், முன்பணம் அவர் கொடுத்தது.

வீட்டில் அவருக்கு 'டைரக்டரி' என்று பெயர். ஒரு எண்ணைக் காதில் வாங்கினால் அது அவர் தலையில் நிரந்தரமாகக் குடியேறிவிடும். இடித்துக் கட்டிய கடைகளின் எண்கள், செத்துப்போனவர்களின் எண்கள், எல்லாம் இருந்தன. எண்கள் மட்டும் இருந்தால் பரவாயில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொல்வார்: "அன்னைக்கு நல்ல மழை. நீ செருப்பு அறுந்து கையில தூக்கிட்டு வந்தே. பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசி நாள். நான்தான் பாதி வேலையில ஓடிவந்து கட்டினேன்." குத்திக்காட்டுவதற்காகச் சொல்ல மாட்டார். நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரிதான் சொல்வார். என் மனைவி சிரிப்பாள். நானும் சிரிப்பேன். எனக்கு உள்ளுக்குள் எரிச்சலாக இருக்கும். குத்திக்காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நான் ஒரு சிநேகிதனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவன் கடனைக் கட்டாமல் ஊரைவிட்டே போய்விட்டான். என் சம்பளத்தில் பிடிக்கப்போவதாகக் கடிதம் வந்தது. அடுத்தவர் கவனக்குறைவை நாள் முழுக்க அளந்துகொண்டிருக்கும் ஆள் நான். என் பிரிவில் இது தெரிந்தால் என் முகத்தை எங்கே கொண்டு வைத்துக்கொள்வது? அத்தையிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டார். ஆனால் கொடுத்ததை மறந்திருக்கவும் மாட்டார். அந்தக் கையெழுத்தைப் போட வேண்டாம் என்று என்னிடம் சொன்னவரும் அவர்தான். 'அன்னைக்கே சொன்னேனேடா' என்று ஒருமுறை சொல்வார். பிறகு பல வருஷம் கழித்து, ஏதோ ஒரு சாப்பாட்டு நேரத்தில், அன்றைக்கு நான் என்ன சட்டை போட்டிருந்தேன் என்பதோடு சேர்த்து மறுபடி சொல்வார். அதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பணத்துக்காக அத்தையின் கணக்கிலிருந்து எடுத்தேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காக எடுத்தேன்.

பின் நம்பர் எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். நான் தேடிப் போகவில்லை. அதுவாகக் காதில் விழுந்தது.

அத்தை வேலை பார்த்த காலத்தில் ஆபரேட்டர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அழைப்பவர் ஒரு எண்ணைச் சொன்னால், அதை ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால் மேற்பார்வையாளர் பின்னால் வந்து நிற்பாராம். வாழ்நாள் முழுக்க அப்படிச் சொல்லிச் சொல்லி, சொல்லாமல் எந்த எண்ணையும் அழுத்த அவருக்கு வரவே வராது. ஏ.டி.எம்.முக்கு நான்தான் அவரைக் கூட்டிப் போவேன். "திரும்பி நில்லுடா" என்பார். நான் திரும்பி நிற்பேன். கைப்பையால் பொத்தான்களை மறைத்துக்கொள்வார். பிறகு முணுமுணுப்பாக, அந்தப் பழைய ஆபரேட்டர் குரலில், நான்கு இலக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி அழுத்துவார். கையை அவ்வளவு ஜாக்கிரதையாக மறைத்தவருக்கு வாயை மறைக்கத் தோன்றவில்லை. தான் சொல்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. பின் நம்பரை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்று நானே ஒருமுறை சொன்னேன். மாற்றினார். அதையும் சொல்லித்தான் மாற்றினார்.

எடுப்பது கஷ்டமாக இல்லை. அவர் குளிக்கப் போகும்போது கைப்பையிலிருந்து கார்டை எடுத்துக்கொள்வேன். சாயங்காலம் அவர் செய்தி பார்க்கும்போது திருப்பி வைத்துவிடுவேன். செல்போனை அவர் தொட மாட்டார். "அது போன் இல்லடா, பொம்மை" என்பார். அதனால் வங்கியின் குறுஞ்செய்திகள் என் போனுக்குத்தான் வரும். எடுத்த பணத்தை ஆபீஸ் மேசை இழுப்பறையில் சேர்த்து வைத்தேன். முழுத் தொகையும் சேர்ந்தவுடன் ஒரேயடியாகக் கட்டிவிடலாம் என்று எண்ணம்.

சேர்வதற்குள் அத்தை பாஸ்புக்கைப் பதிந்துகொண்டு வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"என் கணக்குல யாரோ கை வச்சிருக்காங்கடா."

"கார்டு தொலைஞ்சுதா அத்தை?"

"பையிலயேதான் இருக்கு."

"பின் நம்பர் யாருக்காவது சொன்னீங்களா?"

"எவனுக்குச் சொல்லப்போறேன்? என் தலைக்குள்ள இருக்கு. தலையைத் திறந்தா எடுத்தான்?"

புகாரை எழுத நான்தான் உதவினேன். வேண்டாம் என்று தடுத்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். சொந்தக்காரர் புகாரை நாங்கள் கையாளக் கூடாது என்று விதி இருக்கிறது. எனவே நான் ஒதுங்கிக்கொண்டேன். கோப்பு எங்கள் பிரிவின் இளைய அதிகாரியிடம் போயிற்று. துருவித் துருவிக் கேட்பதால் அவளை எல்லோரும் 'ஊசி' என்பார்கள். அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவன் நான். அசல் கார்டு, சரியான நம்பர், யாருக்கும் சொல்லவில்லை என்றால் அவரே எடுத்துவிட்டு மறந்திருக்க வேண்டும். நியாயப்படி அன்றே தள்ளுபடி செய்திருக்க வேண்டும். அப்படித்தான் நடக்கும் என்று நினைத்தேன். அத்தைக்குக் கொஞ்சம் நஷ்டம், கொஞ்ச நாள் புலம்பல், அதோடு முடிந்துவிடும்.

ஊசி என் மேசைக்கு வந்து நின்றாள்.

"சார், உங்க அத்தைகிட்ட பேசினேன். தேதி, தொகை, ஒவ்வொரு தடவையும் மிச்சம் எவ்வளவு, எல்லாத்தையும் பார்க்காமலே சொல்றாங்க. இவங்க எடுத்துட்டு மறந்திருக்க வாய்ப்பே இல்ல. கேமரா பதிவு கேட்டு எழுதப்போறேன்."

"எழுதும்மா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

கேமரா பதிவு வேறோர் அலுவலகத்திலிருந்து வர வேண்டும். அவர்கள் ஆடி அசைந்துதான் அனுப்புவார்கள். வருவதற்குள் வாடிக்கையாளர் புகாரைத் திரும்பப் பெற்றுவிட்டால், கேட்ட கோரிக்கையும் தானாக ரத்தாகிவிடும். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. எடுத்தது தான்தான் என்று அத்தையே நம்ப வேண்டியிருந்தது.

கொடூரமாக எதுவும் செய்யவில்லை. கண்ணாடிக் கூட்டை மேசையிலிருந்து எடுத்து ஜன்னலில் வைத்தேன். அவர் அணைத்துவிட்டு வந்த விளக்கைப் போட்டு வைத்தேன். "நேத்தே சொன்னேனே அத்தை, இன்னைக்குத் தண்ணி வராதுன்னு" என்றேன். சொல்லியிருக்கவில்லை. முதலில், "நீ சொல்லவே இல்லடா" என்று சண்டைக்கு வந்தார். நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பதுதான் முக்கியம். மறுத்தால் அவர் ஜெயித்துவிடுவார். பரிதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். என் மனைவிக்கு எதுவும் தெரியாது. அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். "பாவம்ங்க, அவங்களுக்கும் வயசாகுதுல்ல" என்றாள். அவள் சொன்னது நான் சொன்ன எதைவிடவும் நன்றாக வேலை செய்தது.

பிறகு, இழுப்பறையில் இருந்த பணம் முழுவதையும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஒரு காசு குறையாமல். அத்தை தன் பீரோச் சாவியை யாரிடமும் கொடுக்க மாட்டார், ஆனால் குளிக்கப் போகும்போது தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் போவார். பீரோவில் ஒரு நீலப் போர்வையின் மடிப்பில் பணத்தை வைத்தேன். அடுத்த நாள் மனைவிக்குக் குளிராக இருப்பதாகச் சொல்லி அந்த நீலப் போர்வையைக் கேட்டேன்.

அத்தை போர்வையை இழுத்தார். கட்டுகள் தரையில் விழுந்தன. அவர் குனிந்து எடுக்கவில்லை. பிறகு கேட்டார்.

"இது நான் வச்சதா?"

"வேற யார் அத்தை வச்சிருப்பா? சாவி உங்ககிட்டதானே இருக்கு."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். விரல்களை மடக்கி எதையோ யோசித்தார். உதடு அசைந்தது. "அப்ப நான்தான் போயிருக்கேன்" என்றார். "போனது ஞாபகமே இல்லையேடா." நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். நாள் முழுக்கக் கடித்த செருப்பைக் கழற்றியது போல எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

வீட்டுத் தொலைபேசியிலிருந்து அவரே ஊசிக்குப் போன் செய்தார். பக்கத்தில் நான் நின்றேன். "மன்னிச்சுக்கம்மா. நான்தான் எடுத்து உள்ள வச்சிருக்கேன். உனக்கு வீண் வேலை வச்சிட்டேன்" என்றார். அந்தப் பக்கம் ஊசி ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள். அத்தை, "இல்லம்மா, எனக்குத்தான் இப்பல்லாம் சரியில்ல" என்று மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

நீங்கள் இந்த இடத்தில் நிறுத்தி யோசிக்க வேண்டும். பணம் முழுவதும் அத்தையிடம் திரும்பிவிட்டது. வங்கிக்கும் நஷ்டம் இல்லை, வாடிக்கையாளருக்கும் நஷ்டம் இல்லை. எங்கள் பிரிவில் இப்படி முடிகிற கோப்பு அபூர்வம்.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். மனைவிதான் போகச் சொன்னாள். டாக்டர் வருஷம் கேட்டார், மாதம் கேட்டார், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். அத்தை எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். ஆனால் ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் என் பக்கம் திரும்பி, "சரியாடா?" என்று கேட்டார். டாக்டர் என்னை வெளியே அழைத்து, "பதில் எல்லாம் சரி. ஆனா எதுலயும் அவங்களுக்கே நம்பிக்கை இல்ல. மறதி நோயோட ஆரம்பம் சில பேருக்கு இப்படித்தான் இருக்கும், கவனமாப் பார்த்துக்குங்க" என்றார். நான் தலையசைத்தேன். இதயம் கொஞ்சம் வேகமாக அடிப்பதாகச் சொல்லி ஒரு சின்ன மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். காலையில் ஒன்று. "இதை மட்டும் தப்பித்தவறிக்கூட ரெண்டாவது போட விடாதீங்க" என்று தனியாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கார்டை என் கையில் வைத்தார். பின் நம்பரையும் சொன்னார். முதல்முறை கேட்பது போலக் கேட்டுக்கொண்டேன். அந்த நிமிஷத்திலிருந்து நான் எடுப்பது எதுவும் திருட்டு இல்லை. தானாக முன்வந்து கார்டையும் நம்பரையும் கொடுத்துவிட்டால் முழுப் பொறுப்பும் கொடுத்தவருடையது. நான் எத்தனையோ பேருக்கு இதை விளக்கியிருக்கிறேன். சில செக்குகளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவற்றில் ஒன்றை வைத்து ஜாமீன் கடனைக் கட்டினேன். அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் கட்டினேன். "நல்லதுடா" என்றார். மறுநாள் அதைப் பற்றிப் பேசவில்லை. அதற்கு மறுநாளும் பேசவில்லை.

சாப்பாட்டு மேசையில் பழைய கதைகள் நின்றுபோயின. யாருடைய எண்ணையாவது கேட்டால், "எனக்கென்னடா தெரியும், பார்த்துச் சொல்லு" என்பார். என் மழை நாள், என் அறுந்த செருப்பு, நான் கேட்டு வாங்கியவை எல்லாம் அவரிடமிருந்து போய்விட்டன. போகவில்லை, உள்ளேதான் இருந்திருக்கும். அவற்றைச் சொல்லும் துணிவு போய்விட்டது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த மாதங்களில் நான் அத்தையிடம் மிகவும் பிரியமாக இருந்தேன். என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள்.

அப்போதுதான் அவர் ஆபீசுக்குப் போன் செய்யத் தொடங்கினார். என் மேசை எண்ணுக்கு. கேஸ் அடுப்பை அணைத்தேனா, கதவைச் சாத்தினேனா, சாப்பிட்டேனா என்று கேட்பார். நான் சொல்வேன். "சார், உங்க ஹாட்லைன்" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். மாத்திரையைப் பற்றியும் கேட்பார். தினமும் காலையில் நானே மாத்திரையைக் கையில் வைத்து, தண்ணீர் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். அதனால், "போட்டாச்சு அத்தை, இனி நாளைக்குத்தான்" என்பேன். இந்தப் பதிலில் ஒருநாளும் நான் தவறியதில்லை. அந்த ஒரு நாளைத் தவிர.

அன்று காலை மாத்திரை கொடுத்துவிட்டு வந்தேன். மேசையில் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. குரல் பழைய மாதிரி இருந்தது.

"டேய், ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. நான் பணம் எடுத்ததாச் சொன்ன நாள்ல ஒண்ணு, எனக்குக் கண் ஆபரேஷன் நடந்த நாள்டா. கண்ணுல கட்டுப் போட்டுப் படுக்கையை விட்டே எழுந்திருக்க விடல. அப்ப நான் எப்படிடா போயிருப்பேன்?"

இதை நான் யோசிக்காமல் விட்டிருந்தேன். அன்று கண் ஆஸ்பத்திரியில் அவருடைய கைப்பை என் மடியில் இருந்தது. கீழ்த்தளத்தில் ஏ.டி.எம். இருந்தது. வசதியாக இருந்ததால் இறங்கிப் போய் எடுத்தேன். தேதியைக் கவனிக்கவில்லை. எங்கள் தொழிலில் தேதிதான் எல்லாமே.

"அப்படியா அத்தை?" என்றேன்.

"அப்படித்தான் தோணுது. இல்ல, எனக்குத்தான் குழப்பமா? நீ சொல்லு. அந்த ஊசிப் பொண்ணுக்குப் போன் பண்ணிச் சொல்லட்டுமா?"

"சாயங்காலம் வந்து பேசிக்கலாம். அதுவரைக்கும் யாருக்கும் பண்ணாதீங்க."

"சரிடா." கொஞ்சம் இடைவெளி விட்டார். "மாத்திரை போட்டேனா?"

அந்த இடைவெளியில் நான் எதையும் திட்டம் போடவில்லை. கேள்வி வந்தது, பதில் வந்தது. "இல்ல அத்தை, இன்னும் போடல. போட்டுக்குங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டு ஒரு கோப்பை எடுத்தேன். ஒரு மளிகைக் கடைக்காரரின் செக்கைத் திருடிப் பணம் எடுத்திருந்தார்கள். கையெழுத்து போலி. முழுப் பணத்தையும் வங்கி தர வேண்டும் என்று எழுதினேன். நியாயமான முடிவு. இப்போதும் எடுத்துப் பார்க்கலாம்.

மறுபடி போன் வந்தது. அதே கேள்வி. அதே பதில் சொன்னேன். ஒருமுறை சொன்ன பிறகு மாற்றிச் சொன்னால் அவர் குழம்புவார்.

மூன்றாவது முறை குரல் இழுத்தது. "தலை சுத்துதுடா. கண்ணு மங்கலா இருக்கு. மாத்திரை போடாததுனாலயா?"

"அதனாலதான் அத்தை. போட்டுக்கிட்டுப் படுங்க" என்றேன்.

அதன் பிறகு போன் வரவில்லை. நான் சாப்பிட்டேன். மத்தியானக் கூட்டத்தில் கலந்துகொண்டேன். வேலையிலிருந்து முதலில் வீடு திரும்பிய என் மனைவிதான் பார்த்தாள். கட்டிலில் படுத்திருந்தாராம், தூங்குவது போல. மாத்திரை அட்டை கையிலேயே இருந்ததாம். நினைவு தவறி அதிகமாகப் போட்டுக்கொண்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். டாக்டர்கூட அதையே சொன்னார். நான் அழுதேன். அது நடிப்பு இல்லை.

எங்கள் பிரிவுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் பதிவாகும். மாதக் கடைசியில் சிலவற்றை எடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். இந்த மாதம் அது ஊசியின் முறை. கேட்டுவிட்டு அவள் என்னிடம் வரவில்லை. மேலதிகாரியிடமும் போகவில்லை. நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். சரியான நடைமுறை அதுதான். நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

பதிவாகும் என்று தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். பேசும்போதும் தெரியும். ஆனால் அதில் தவறாக என்ன கேட்கப்போகிறது? ஒருவன் தன் அத்தைக்கு மாத்திரையை ஞாபகப்படுத்துகிறான். காலையில் என் கையாலேயே கொடுத்துவிட்டு வந்தேன் என்பது அந்தப் பதிவில் இல்லை. என் மனைவி அதைப் பார்த்திருக்கிறாள் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆகவே எழுதிக்கொள்ளுங்கள்: அவர் மாத்திரை போட்டுவிட்டார் என்பது எனக்குத் தெரியும். இன்னொன்று போட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். மூன்று முறையும் தெரிந்தேதான் சொன்னேன். அவர் ஊசிக்குப் போன் செய்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த மூன்றாவது அழைப்பின் முடிவை நீங்கள் எனக்கு இரண்டு தடவை போட்டுக் காட்டினீர்கள். போனை வைப்பதற்கு முன் அத்தை சொல்கிறார்: "நீ மட்டும் இல்லன்னா என் கதி என்னடா. உன்னை மாதிரி யாரு பார்த்துக்குவா." இதைக் கேட்டால் நான் உடைந்துவிடுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்தீர்கள். எனக்கு இது ஆறுதலாகத்தான் இருந்தது. இதை எனக்குச் சாதகமான சாட்சியாகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அத்தை சொன்னது எதுவும் ஒருநாளும் தவறாக இருந்ததில்லை.